கட்டாயம் யாருக்கு?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் நடக்கிற அமர்க்களம் உங்களுக்குத் தெரியாததல்ல. புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட வேண்டும். போன வருஷத்துச் சீருடையின் மடிப்பைப் பிரித்து இரண்டு அங்குலம் நீட்ட வேண்டும். சாப்பாட்டு டப்பாவின் மூடி எங்கே போயிற்று என்று அலமாரிக்கு அடியில் குனிந்து தேட வேண்டும். முதல் நாள் அழுகிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்து வாசலில் பிய்த்துப் பிடுங்கி விட்டுவிட்டு, தெருமுனை திரும்பியதும் நாமும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். ஆனாலும், "போகமாட்டேன்" என்று பிள்ளை சொல்வதை ஓர் அபிப்பிராயமாக நாம் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. படிப்பு கட்டாயம் என்பதை எந்தச் சட்டமும் வந்து நமக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த அமர்க்களமே இல்லாத ஜூன் மாதமும் உண்டு. நான் குடியிருப்பது திருநின்றவூரில். பக்தவத்சலப் பெருமாளையும் என்னைப் பெற்ற தாயாரையும் சேவிக்க வருகிறவர்களுக்கு இந்த ஊரைத் தெரியும். மற்றவர்களுக்கு இது சென்னை – அரக்கோணம் மார்க்கத்தில் ஒரு ரயில் நிலையம். இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகள் ஏராளம். சென்னையில் நாளொரு மேனியும் பொழுதொரு மாடியுமாக வளர்கிற கட்டடங்களில் பலவற்றுக்குக் கல் இங்கிருந்துதான் போகிறது. அந்தக் கல்லை அறுக்கிறவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் ஒடிசாவின் மேற்குக் கோடியிலிருந்து, பலாங்கீர், நுவாபாடா பக்கத்திலிருந்து, வருகிற குடும்பங்கள்.

அந்தப் பக்கத்தில் நுவாகாய் என்று ஒரு புத்தரிசிப் பண்டிகை. பண்டிகை முடிகிற சமயத்தில் தரகன் வந்து முன்பணம் கொடுப்பான். அந்த முன்பணம் பெரும்பாலும் தனி ஆளுக்கு அல்ல. கணவன், மனைவி, கூட ஒரு பிள்ளை என்று சேர்த்துத்தான் கணக்கு. பனிக்காலத்தில் ரயிலேறி வருகிறவர்கள் மழைக்கு முன்னால் ஜூன் வாக்கில்தான் திரும்புகிறார்கள். அப்பா மண் பிசைவார். அம்மா அச்சில் வைத்துக் கல் அறுப்பாள். பச்சைக் கல் ஒரு பக்கம் காய்ந்ததும் அதைத் திருப்பிப் போட வேண்டும். பெரியவர்கள் மிதித்தால் கல் உடைந்துவிடும். குழந்தையின் கால் லேசானது. இதற்கு மேல் நான் விவரிக்க வேண்டியதில்லை.

பள்ளி ஆண்டின் பின்பாதி முழுவதும் அந்தப் பிள்ளை இங்கே இருக்கிறது. முன்பாதியில் மட்டும் அங்கே பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கும். இரண்டு வருஷம் இப்படிப் போனால் பெயரும் இருக்காது.

எதிர்வீட்டு மாமியிடம் ஒரு நாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமி விவரம் தெரிந்தவர். பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர்.

"ஏம்மா, ஐ.நா. சபையிலே உட்கார்ந்துண்டு எல்லா தேசத்துக்கும் ஒரே சட்டம் போட்டா அது எப்படிச் செல்லும்? ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒரு வழக்கம். வயித்துப்பாடுன்னு ஒண்ணு இருக்கே!" என்றார்.

மாமி சொன்னது சாதாரண வாதம் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகப் பெரிய பெரிய மண்டபங்களில், கோட்டும் டையும் கட்டிய கனவான்கள் பேசி வருகிற வாதம் இது. 1919-ல் வாஷிங்டன் நகரில் சர்வதேசத் தொழில் மாநாடு முதன்முதலாகக் கூடியபோது, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலையில் சேர்க்கக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதினார்கள். நல்ல ஒப்பந்தம்தான். ஆனால் அதற்குள்ளேயே இந்தியாவுக்கென்று தனியாக ஒரு ஷரத்து போட்டார்கள்: அங்கே 12 வயது போதும், அதுவும் இயந்திர சக்தியில் ஓடுகிற, பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலைகளுக்கும், சுரங்கங்களுக்கும், ரயில்வேக்கும், துறைமுகங்களுக்கும் மட்டும். காரணம், "அந்த நாட்டு நிலைமை வேறு." அந்தச் சலுகையைக் கேட்டு எந்த இந்தியக் குழந்தையும் மனுப் போட்டிருக்காது என்று நம்பலாம்.

அதற்கும் எட்டு வருஷத்துக்கு முன்னால், 1911-ல், கோகலே ஒரு மசோதா கொண்டுவந்தார். இன்றைக்குப் பார்த்தால் எவ்வளவு அடக்கமான மசோதா! ஆறிலிருந்து பத்து வயது வரை, முதலில் பையன்களுக்கு மட்டும், ஏற்கெனவே ஓரளவு பிள்ளைகள் படிக்கிற இடங்களில் மட்டும், அதுவும் உள்ளூர்ச் சபை விரும்பினால் கட்டாயக் கல்வி வரலாம் என்றுதான் கேட்டார். பரோடாவில் மகாராஜா சாயாஜிராவ் 1906-லேயே தமது ராஜ்யம் முழுவதும் கட்டாயக் கல்வி கொண்டுவந்து காட்டியிருந்தார். ஆகவே இந்தியாவில் இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்வதற்கில்லை. இருந்தும் 1912-ல் மசோதா தோற்றது. ஆதரவு 13 வாக்கு, எதிர்ப்பு 38. சர்க்காரிடம் பணமில்லை, ஜனங்கள் இன்னும் தயாராகவில்லை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். வயலில் யார் வேலை செய்வது என்ற கவலை பெரிய நிலச்சுவான்தார்களுக்கு இருந்தது.

'ஜனங்கள் தயாராகவில்லை' என்று சொல்கிறவர்களின் பிள்ளைகள் எப்போதும் தயாராகத்தான் இருப்பார்கள். இதை நான் குறும்பாகச் சொல்லவில்லை. நம் ராஜ்யத்தில் 1953-ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது ஆரம்பப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரிடம் தொழில் கற்கலாம், பெண்பிள்ளைகள் தாயிடம் வீட்டுக் காரியங்களைப் பழகலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பத்து வருஷத்துக்குள் 14 வயது வரை எல்லாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு 1950-ல் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடம் போதாது, வாத்தியார் போதாது, பணம் போதாது. காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம் என்று வைத்தால் அதே கட்டடத்தில் இரண்டு பங்கு பிள்ளைகள் படிக்கலாமே என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் திட்டம் கிராமத்துப் பள்ளிகளுக்கு மட்டுமே வந்தது; நகராட்சிப் பள்ளிகளுக்கு வரவில்லை. தச்சர் மகன் தச்சு வேலை பழகட்டும், வண்ணார் மகன் வெளுக்கட்டும், பட்டணத்து வக்கீல் மகன் மட்டும் முழு நேரம் படிக்கட்டும் என்றால் ஊர் சும்மா இருக்குமா? 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்த்தவர்கள் வைத்த பெயர்தான் இன்றுவரை நின்றுவிட்டது. 1954-ல் காமராஜ் பதவிக்கு வந்ததும் திட்டம் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து அவர் மதிய உணவைக் கொண்டுவந்தார். மாமி சொன்ன அந்த 'வயித்துப்பாடு' வாதத்துக்கு அவர் சபையில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பள்ளிக்கூடத்திலேயே சோறு போட்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெருக்கியதும், 2022-லிருந்து காலைச் சிற்றுண்டியும் சேர்ந்ததும் உங்களுக்குத் தெரியும்.

அரை நாள் படிப்பு, அரை நாள் வேலை என்பது நம் ஊர் விசேஷம் என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் லங்காஷயர் நூல் ஆலைகளில் பல தலைமுறைகள் அப்படித்தான் நடந்தது. 1918-ல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். அதற்குச் சில வருஷம் முன்னால் சங்கம் வாக்கெடுத்தபோது, அந்தத் தொழிலாளிகளே பெருவாரியாக, "அரை நாள் வேலை இருக்கட்டும்" என்றுதான் சொன்னார்கள். பிள்ளை கொண்டுவருகிற சில ஷில்லிங் வீட்டுக்கு வேண்டியிருந்தது. ஆங்கிலேயனின் பண்பாடு அப்படி என்று யாரும் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. ஏழை நாட்டில் நடந்தால் மட்டும் அதற்குப் பண்பாடு என்று பெயர் வந்துவிடுகிறது.

சரி, உண்மையிலேயே பண்பாடு காரணமாக வேண்டாம் என்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆமிஷ் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். குதிரை வண்டியில் போவார்கள், வீட்டுக்கு மின்சாரக் கம்பி இழுக்கமாட்டார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தால் பிள்ளைகள் எங்கள் வாழ்க்கையை விட்டு விலகிவிடும் என்று அவர்கள் அனுப்ப மறுத்தார்கள். விஸ்கான்சின் ராஜ்யத்தில் சட்டப்படி 16 வயது வரை பள்ளிக்குப் போயாக வேண்டும். தகப்பன்மாருக்கு ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972-ல் ஆமிஷ் மக்களுக்கே சாதகமாகத் தீர்ப்பாயிற்று. அந்த நீதிபதிகளில் டக்ளஸ் என்பவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: அப்பாவைக் கேட்டீர்கள், சர்க்காரைக் கேட்டீர்கள், பிள்ளையை யாராவது கேட்டீர்களா? அது பியானோ வாசிக்கவோ வானத்தில் பறக்கவோ ஆசைப்பட்டால் என்ன செய்வது? எனக்கு அந்தத் தீர்ப்பைவிட இந்தக் கேள்விதான் மனத்தில் தங்கியிருக்கிறது. ஆனாலும் ஒன்று பாருங்கள். அங்கே தகராறு எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட ஒன்றிரண்டு வருஷத்தைப் பற்றி. எழுதப் படிக்கத் தெரியவே வேண்டாம் என்று அவர்களும் சொல்லவில்லை.

தென் அமெரிக்காவில் பொலிவியா 2014-ல் இன்னொரு வழி பார்த்தது. பத்து வயதுப் பிள்ளைகளும் சில நிபந்தனைகளோடு சொந்தமாக வேலை செய்யலாம் என்று சட்டம் போட்டது. அங்கே வேலை செய்யும் சிறுவர்களுக்கே ஒரு சங்கம் இருந்தது. அவர்களே ஊர்வலம் போய்க் கேட்டார்கள். எப்படியும் வேலை செய்யத்தான் போகிறோம், ஒளித்துச் செய்தால் கூலியை ஏமாற்றுகிறார்கள், சட்டத்துக்குள் வைத்துப் பாதுகாப்புக் கொடுங்கள் என்றார்கள். இதைக் கேட்டு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை அல்லவா? உலகத் தொழில் நிறுவனம் கண்டித்தது. கடைசியில் 2018-ல் சட்டத்தைத் திருத்தி மறுபடியும் 14 ஆக்கினார்கள். அந்தச் சிறுவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் பத்து வயதில் அப்படிக் கேட்க நேர்ந்ததே அவர்களுக்கு நடந்த அநியாயம் என்பது என் கட்சி.

இப்போது அந்த 'கட்டாயம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். 1948 டிசம்பர் 10-ந் தேதி ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதில் 26-வது ஷரத்து: ஆரம்பக் கல்வி இலவசம், கட்டாயம். அந்தப் பிரகடனத்தின் முதல் ஷரத்தில் ஆண்களை மட்டும் குறிப்பதாகத் தோன்றிய சொல்லை மாற்றி, மனிதர் எல்லாரையும் குறிக்கும்படி எழுத வைத்தவர் நம் நாட்டுப் பிரதிநிதி ஹன்ஸா மேத்தா என்பதைப் பெண்களாகிய நாம் மறக்கக் கூடாது. கல்வி ஷரத்தை எழுதும்போது 'கட்டாயம்' என்ற சொல் வேண்டுமா என்று வாதம் நடந்தது. உரிமை என்கிறீர்கள், கட்டாயம் என்றும் சொல்கிறீர்கள்; இரண்டும் எப்படிச் சேரும் என்று சிலர் கேட்டார்கள். பதில் இப்படி வந்தது: கட்டாயம் என்றால் பிள்ளையை அடித்து இழுத்துப் போவதல்ல, சர்க்காரோ குடும்பமோ யாரும் அந்தப் பிள்ளையைத் தடுக்கக் கூடாது என்பதுதான்.

1989-ல் குழந்தை உரிமை ஒப்பந்தம் வந்தபோதும் அதே வாசகம். இன்று உலகில் அதை ஏற்காத நாடு அமெரிக்கா ஒன்றுதான் என்பது ஒரு வேடிக்கை. இந்தியா 1992-ல் ஏற்றது. ஆனால் குழந்தைத் தொழில் பற்றிய ஷரத்தைப் படிப்படியாகத்தான் நிறைவேற்ற முடியும் என்று ஒரு குறிப்பையும் கூடவே வைத்தது. வேலைக்குச் சேரும் குறைந்தபட்ச வயது கட்டாயக் கல்வி முடிகிற வயதுக்குக் கீழே போகக் கூடாது என்று சொல்கிற 1973-ம் வருஷத்துத் தொழில் ஒப்பந்தத்தை நாம் ஏற்றது 2017-ல்தான். நாற்பத்து நாலு வருஷம்!

நம் 45-வது பிரிவு கேட்ட பத்து வருஷம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? 1960 வந்தது, போயிற்று. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில், 14 வயது வரை படிப்பு அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது.

எங்கள் ஊரில் பூசலார் நாயனார் என்று ஓர் அடியார் இருந்தார். கோயில் கட்டக் கையில் காசில்லாமல், மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டு, கலசம் வரை கட்டி முடித்தார். காஞ்சியில் பல்லவ ராஜா கட்டிய கற்கோயிலுக்கும் அதே நாளில் கும்பாபிஷேகம். சிவபெருமான் ராஜாவின் கனவில் வந்து, "நாளைக்கு நான் திருநின்றவூருக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார்" என்று சொல்லிவிட்டாராம். ஆண்டவன் அப்படி மனக்கோயிலுக்கு எழுந்தருளலாம். நாம் அறுபது வருஷம் சட்டப் புத்தகத்தில் கட்டிவைத்த பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை போய் உட்கார முடியும்?

2009-ம் வருஷச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விளக்கம். மற்ற பல தேசங்களில் கட்டாயம் என்றால் தகப்பனுக்கு அபராதம். இங்கே அப்படியில்லை. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் தண்டனை எதுவும் எழுதவில்லை. 'கட்டாயக் கல்வி' என்றால் ஆறிலிருந்து பதினான்கு வரை ஒவ்வொரு பிள்ளையும் சேர்ந்து, தவறாமல் வந்து, படித்து முடிக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டிய சர்க்காரின் கட்டாயம் என்று அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள். இடம் பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளூர் அமைப்பின் பொறுப்பு என்றும், கூடியவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது.

ஆக, பலாங்கீரிலிருந்து வந்த பிள்ளை திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிற ஆறு மாதத்துக்கு, பொறுப்பு நம் ஊருடையது. சும்மாவும் இருக்கவில்லை. சட்டம் வந்த பிறகு இந்த மாவட்டத்துச் சூளைகளில் ஒடியா மொழியிலேயே பணியிடப் பள்ளிகள் நடத்தினார்கள். ஒடிசாவிலிருந்து பாடப் புத்தகமும் வந்தது, சொல்லித்தர ஆளும் வந்தார்கள். ஊர் திரும்பினால் அங்கே அதே வகுப்பில் தொடரலாம் என்ற ஏற்பாடு. இதைச் சொன்னதும் மாமி, "நம்ம ஊர்லயா? ஒடியாவிலயா?" என்று ஆச்சரியப்பட்டார்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் நம் ஜனங்கள் மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போகவில்லையா? ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தார் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ம் வருஷத் தொழிலாளர் சட்டம் அங்கே சொன்னது. அதனால்தான் பால்மரக் காட்டுக்கு நடுவே தமிழ்ப் பள்ளிகள் வந்தன. அன்றைக்கு அந்த மண்ணில் நம் பிள்ளைகள்தான் ஒடியாப் பிள்ளைகள். ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். பல தோட்டங்களில் படிப்பு கீழ் வகுப்புகளோடு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். பிறகு அப்பா பிடித்த அதே கத்தியைப் பிடித்துப் பால் வெட்டப் போனார்கள். வேலை செய்கிற இடத்தில் வைக்கிற பள்ளிக்கு இந்த அபாயம் எப்போதும் உண்டு. மொழி மாறலாம், மாதம் மாறலாம், பாடம் சொல்லித் தருகிற இடம் சூளையோரமாகவும் இருக்கலாம். எந்த வகுப்பு வரை என்பதில் மட்டும் ஜாதிக்கு ஒன்று, தேசத்துக்கு ஒன்று என்று வரக் கூடாது. உலகத்துக்கெல்லாம் பொது விதி எதற்கு என்று கேட்டால், நான் சொல்லக்கூடிய காரணம் இதுதான்.

விதி, விதி என்று சூளையைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கிறேனே, நம் அடுக்களையை விட்டுவிட்டேன். 14 வயதுக்குக் குறைந்த பெண்ணை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்து குற்றம். 2016-ல் சட்டம் இன்னும் இறுகி, எந்த வேலையிலும் வைக்கக் கூடாதென்று ஆயிற்று. அதில் மட்டும் பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு. சூளையில் கல் திருப்புகிற பிள்ளையையும் "அப்பாவுக்கு ஒத்தாசை" என்று அந்த விலக்குக்குள் ஒளித்துவிடப் பார்ப்பவர்கள் உண்டு. "ஊரிலிருந்து வந்த பெண், எங்கள் வீட்டுக் குழந்தை மாதிரி" என்று சொல்கிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. நம் வீட்டுக் குழந்தை காலை ஒன்பது மணிக்கு எங்கே இருக்கும் என்று கேட்டால் அந்த 'மாதிரி' தெரிந்துவிடும். அப்படி ஒரு பிள்ளை உங்கள் கண்ணில் பட்டால் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம், காசு கிடையாது.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. இதற்கு எனக்கு விடை அகப்படவில்லை. ஒடிசாவில் பருவகால விடுதிகள் வைத்திருக்கிறார்கள். பெற்றோர் சூளைக்குப் போகிற மாதங்களில் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே விடுதியில் தங்கிப் படிக்கலாம். படிப்பு அறுபடாது, கல் திருப்ப வேண்டாம். ஆனால் ஏழு வயதுப் பெண்ணை ஆறு மாதம் விட்டுவிட்டு, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மொழி தெரியாத ஊருக்குத் தாய் போக வேண்டும். காய்ச்சல் என்றால் ஓடிப்போய்ப் பார்க்க முடியாது. கூட அழைத்துவந்தால் பள்ளி இருக்கிற சூளையாக அமையுமோ, இல்லாததாக அமையுமோ, அது தரகன் கையில் இருக்கிறது.

எது சரி என்று மாமியைக் கேட்டேன். மாமிக்கு மூன்று பெண்கள். எட்டுப் பேரப் பிள்ளைகள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "பெத்தவளைக் கேட்டியோ?" என்றார் பிறகு.

நீங்கள் அந்தத் தாயின் இடத்தில் இருந்தால், விட்டுவிட்டு வருவீர்களா, அழைத்துக்கொண்டு வருவீர்களா? எனக்கு எழுதுங்கள்.